கரூரிலிருந்து ஒரு ஷெங்கன் ஃபைல்: மறுத்ததும் கொடுத்ததும்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் ஆடிட்டர் ஆபீசுக்கு வருகிற பலர் வரியைப் பற்றிப் பேச வருவதில்லை. "தம்பி, மூணு வருச ஐ.டி. ரிட்டர்ன் ஒரு செட் சீல் வெச்சுக் குடுங்க, விசாவுக்கு" என்பார்கள். கரூரின் பிழைப்பு அப்படி. சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேசை விரிப்பு, திரைச்சீலை, படுக்கை விரிப்பு என்று இங்கே நெய்து தைப்பதெல்லாம் கப்பலேறுகிற சரக்கு. அந்தச் சரக்கை வாங்குகிற உலகம் ஆண்டுக்கு ஒருமுறை ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடும். ஹைம்டெக்ஸ்டில் என்ற அந்தக் கண்காட்சி ஜனவரியில் நடக்கும், பெரும்பாலும் நம் பொங்கலை ஒட்டியே வரும். 2025இல் பொங்கலன்றே தொடங்கியது: ஜனவரி 14 முதல் 17 வரை. பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கொம்பு தீட்ட வேண்டியவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு குளிரில் நின்றிருப்பார்கள்.

இது அந்த ஜனவரிக்காகப் போட்ட ஒரு விசா விண்ணப்பத்தின் கதை. கணவன், மனைவி இருவருக்கும் முதல் முறை மறுக்கப்பட்டது. இரண்டாம் முறை இருவருக்கும் கிடைத்தது. இடையில் அவர்கள் வருமானம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, தொழில் மாறவில்லை, பயணத் தேதியும் மாறவில்லை. மாறியது காகிதக்கட்டு மட்டும். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன். என் ஆபீஸ் செய்த தப்பும் இதில் உண்டு, அதை விடவில்லை.

அவருக்கு வயது 48. நான் அண்ணா என்பேன், அவர் மனைவியை அண்ணி. 2011இல் இருவரும் கூட்டாளிகளாகச் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், அவருக்கு 60 பங்கு, அண்ணிக்கு 40. நெசவை வெளியே கொடுத்து வாங்குகிறார்கள், தைக்கிற யூனிட் சொந்தம், முப்பத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பகுதி பெரிய ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. நேரடியாக அனுப்புவது இரண்டே வாங்குநர்களுக்கு: ஒருவர் நெதர்லாந்து, ஒருவர் பெல்ஜியம். இருவரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் மெயிலும் வாட்ஸ்அப்பும்தான். கண்காட்சியையும் பார்த்து, இந்த இருவரையும் சந்தித்து, இவ்வளவு தூரம் போயாயிற்றே என்று பாரிசில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது திட்டம். நான்கு நாடு, பதின்மூன்று நாள்.

நான்கு நாட்டுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதும். 1985இல் லக்சம்பர்கில் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை விடக் கையெழுத்திட்ட உடன்பாடுதான் அதற்கு மூலம், நடைமுறைக்கு வந்தது 1995இல். இன்று 29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்தும் சைப்ரசும் இதில் இல்லை. ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் இதில் உண்டு. 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள் இருக்கலாம் என்பது குறுகிய காலத் தங்கலின் எல்லை. எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரியாமல் போவது, அல்லது தெரிந்தும் விட்டுவிடுவது, எந்த நாட்டிடம் கேட்பது என்பதை.

விதி சிக்கலானதல்ல. ஒரே நாடு என்றால் அந்த நாட்டிடம். பல நாடு என்றால் எங்கே அதிக நாள் தங்குகிறோமோ, அல்லது எந்த நாட்டுக்காக முக்கியமாகப் போகிறோமோ, அந்த நாட்டிடம். அப்படி ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால்தான் முதலில் கால் வைக்கிற நாடு. அண்ணனுக்கு இதில் குழப்பமே இருந்திருக்கக் கூடாது. ஆனால் ஏஜெண்ட் வேறு மாதிரிச் சொன்னார்.

"ஜெர்மனிக்கு அப்பாயிண்ட்மெண்ட் கெடைக்கறதே கஷ்டமுங்க. வேற நாட்டுல ஸ்லாட் நாளைக்கே இருக்குது. உள்ள போயிட்டா எல்லாம் ஒண்ணுதானுங்களே."

கடைசி வாக்கியம் உண்மைதான், அதனால்தான் ஆபத்து. உள்ளே போன பிறகு ஒன்றுதான். உள்ளே விடுவதா என்று முடிவு செய்யும்போது ஒன்றல்ல. ஏஜெண்ட் வடக்கே ஒரு சிறிய நாட்டைத் தேர்ந்தெடுத்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம், அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அங்கே ஆறு இரவு தங்குவதாக ஓட்டல் பதிவு, ஜெர்மனியில் மூன்று, பாரிசில் மூன்று. நோக்கம்: சுற்றுலா. கண்காட்சி என்ற பேச்சே இல்லை. நெதர்லாந்தும் பெல்ஜியமும் காணவே இல்லை. மனுவோடு இணைத்த முகப்புக் கடிதம், ஊர் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்துகிற கடிதம்: 'அந்நாட்டின் இயற்கை அழகை நீண்ட நாளாகக் காண விரும்புகிறோம்.' ஜனவரியில், அந்த வடக்கில், பகல் முழுக்க வெளிச்சமே சில மணி நேரம்தான்.

இனி பணம். கரூர் இரண்டு வங்கிகளைப் பெற்ற ஊர். கரூர் வைசியா வங்கி 1916இல் இங்கே பிறந்தது, லட்சுமி விலாஸ் வங்கி 1926இல். பின்னது 2020இல் இன்னொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது. இரண்டு வங்கி பிறந்த ஊரில்தான் பணம் சேமிப்புக் கணக்கில் நிற்காது. நூலில் நிற்கும், சரக்கில் நிற்கும், பங்காளியிடம் கைமாற்றில் நிற்கும், சீட்டில் நிற்கும், பெண்டாட்டி கழுத்தில் நிற்கும். அண்ணனின் சேமிப்புக் கணக்கில் எப்போதும் முப்பது, நாற்பதாயிரம்தான் கிடக்கும். நிறுவனத்தின் கரண்ட் அக்கவுண்டில்தான் வரவு செலவெல்லாம்.

ஏஜெண்ட் சேமிப்புக் கணக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஆறு லட்சமாவது காட்டணும் என்றார். வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் மச்சான் 2024 செப்டம்பர் 24ஆம் தேதி ஆறு லட்சத்தை ஆர்.டி.ஜி.எஸ்.சில் அனுப்பினார். அக்டோபர் 3ஆம் தேதி விண்ணப்பம் கொடுத்தார்கள். 9ஆம் தேதி பணம் மச்சானுக்கே திரும்பிப் போயிற்று. கல்யாணத்தில் இரவல் நகை போடுவதைப் போலத்தான். ஆனால் வங்கி அறிக்கை ஆறு மாதத்துக்கு. ஐந்தரை மாதம் நாற்பதாயிரத்தில் தவழ்ந்த கணக்கு, கடைசி வாரத்தில் எழுந்து நின்றது. இதைக் கண்டுபிடிக்க அதிகாரி எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் எங்கள் பங்கு. சொத்து மதிப்புச் சான்று வேண்டும் என்று ஏஜெண்ட் கேட்டதாக அண்ணன் வந்தபோது, நாங்கள் வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்தோம். அதில் க.பரமத்தி பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்திருந்தோம், முருங்கை போட்டிருக்கிற பூமி. அது அவர் அப்பா பெயரில் இருக்கிறது, பாகம் இன்னும் பிரியவில்லை. வீட்டில் கேட்டால் 'நம்ம தோட்டம்' என்பார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் சான்றில் 'இவர் சொத்து' என்று எழுதிவிட்டு, அதோடு அப்பா பெயர் உள்ள தமிழ்ப் பத்திரத்தைப் பதினான்கு பக்கம் மொழிபெயர்ப்பில்லாமல் இணைத்தால்? படிக்க முடிந்திருந்தால் முரண்பாடு தெரியும், படிக்க முடியாவிட்டால் பதினான்கு பக்கக் குப்பை. இரண்டுமே நல்லதில்லை.

இதைவிட மோசமானது அண்ணியின் படிவம். தொழில் என்ற கட்டத்தில் ஏஜெண்ட் 'இல்லத்தரசி' என்று தட்டியிருந்தார். வருமானம் இல்லை, செலவு கணவர் பொறுப்பு. அதே கட்டில் சில பக்கம் தள்ளி அண்ணியின் வருமான வரி ரிட்டர்ன் மூன்று வருடத்துக்கு இருந்தது. கூட்டாளியாகப் பெறும் சம்பளம், லாபப் பங்கு எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டோடு இருப்பதாகச் சொல்லும் பெண் வருடா வருடம் வரி கட்டுகிறார்! இதை நான் பிறகு காட்டியபோது அண்ணிக்கு வந்த கோபம் விசா மறுத்தபோதுகூட வரவில்லை.

"இருவது வருசமா சாயம் பாத்து, கலர் சேத்துத் தேர்றவ நானு. என்னைய வீட்டுல சும்மா இருக்கறவன்னு எழுதியிருக்கறான். நீங்களும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டீங்க."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்து அண்ணியுடையதும் இருந்தது என்பதை நானும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன. மறுப்புக்கு எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான ஒரு படிவம் உண்டு. காரணங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும், பொருந்துவதில் டிக் போடுவார்கள். இருவருக்கும் ஒரே இரண்டு டிக். தங்கும் நோக்கம், சூழல் பற்றிக் கொடுத்த தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை என்பது ஒன்று. விசா முடியுமுன் வெளியேறும் எண்ணம் குறித்து நியாயமான ஐயம் இருக்கிறது என்பது இன்னொன்று. பணம் போதவில்லை என்பதற்குத் தனியாக ஒரு வரி அதே படிவத்தில் இருக்கிறது. அதில் டிக் இல்லை. ஆறு லட்சம் காட்டியது எந்தக் குறையைத் தீர்க்கவோ, அந்தக் குறையை அவர்கள் சொல்லவே இல்லை. இதை அண்ணனுக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. "அப்ப இன்னும் பத்து லட்சம் வெச்சிருந்தா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது டிக்தான் வீட்டில் வலித்தது. "நாம அங்கேயே தங்கிக்குவம்னு நெனச்சுட்டாங்களா? யூனிட்டையும் புள்ளைகளையும் உட்டுப்போட்டு?" பெண் பிளஸ் டூ, பையன் ஒன்பதாவது. முப்பத்தைந்து பேருக்கு வாராவாரம் சனிக்கிழமை கூலி போட வேண்டும். இப்படி இருக்கிற மனிதன் எங்கேயும் ஓட முடியாது என்று கரூரில் ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனால் இது எதுவும் ஃபைலில் இல்லை. பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கடிதம் இல்லை, ஆட்களுக்கு பி.எஃப். கட்டிய செலான் இல்லை, ஏற்றுமதி உரிமக் குறியீடு இல்லை. இருந்தது என்ன? சுற்றுலா போகிறேன் என்று ஒரு நாட்டைக் காட்டிக் கேட்கும், முன்பின் ஐரோப்பா பார்க்காத ஒருவர். திடீரென்று பணம் வந்த கணக்கு. வேலையில்லாத மனைவி. படிக்க முடியாத பத்திரம். ஓட்டல் பதிவையோ, கொடுத்த மூன்றாம் நாளே ஏஜெண்ட் ரத்து செய்திருந்தார், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் டிக் அடித்திருப்பேன்.

கட்டணம் திரும்பாது. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 80 யூரோவாக இருந்தது 90 ஆனது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. இருவருக்கும் சேர்த்து பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல், விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், சென்னைக்குப் போக வர செலவு, ஏஜெண்டுக்குக் கொடுத்தது எல்லாம் போயிற்று.

மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. ஆனால் கண்காட்சிக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது, அதோடு அந்த மறுப்பை எதிர்த்து வாதாட நம்மிடம் நியாயமும் இல்லை. மறுப்புக்குப் பிறகு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, புதிதாகக் கேட்கலாம். அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது: "இன்னொரு நாட்டுல போட்டா இவங்களுக்குத் தெரியாதல்லங்க தம்பி?" தெரியும். ஷெங்கன் நாடுகள் எல்லாம் ஒரே விசாத் தகவல் தொகுப்பைப் பார்க்கின்றன. விண்ணப்பம், கைரேகை, மறுப்பு எல்லாம் அதில் ஐந்து வருடம் இருக்கும். படிவத்திலேயே முன்பு ஷெங்கன் விசாவுக்குக் கைரேகை கொடுத்ததுண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. இரண்டாம் முறை நிரப்பும்போது அண்ணன் விரல் 'இல்லை' என்ற பக்கம்தான் முதலில் போனது. பழக்கதோஷம். அந்த ஒரு கட்டத்தில் பொய் சொல்லியிருந்தால் மீதி ஃபைல் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

இரண்டாம் ஃபைலை ஏஜெண்ட் இல்லாமல் நாங்களே கட்டினோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை.

முதலில் செய்தது ஒரு வெள்ளைத்தாளில் இரவுகளை எழுதியது. ஜனவரி 12 முதல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆறு இரவு. 18 சனிக்கிழமை ரயிலில் ஆம்ஸ்டர்டாம், மூன்று இரவு, திங்களன்று வாங்குநர் சந்திப்பு. 21 பிரசெல்ஸ், ஓர் இரவு. 22, 23 பாரிஸ். 24 அங்கிருந்தே விமானம். பன்னிரண்டு இரவு, பதின்மூன்று நாள். போகும் நாளும் திரும்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். இரவுக் கணக்கிலும் ஜெர்மனி, நோக்கத்திலும் ஜெர்மனி. யாரிடம் கேட்பது என்ற கேள்வி அந்தத் தாளிலேயே முடிந்தது. அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்காது என்றார்களே? தினமும் காலையிலும் இரவிலும் அண்ணனின் பெண் பார்த்தாள், ஒன்பதாம் நாள் கிடைத்தது. விதிப்படி பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. செப்டம்பரிலேயே பார்த்திருந்தால் இவ்வளவு தவிப்பு இருந்திருக்காது.

பிறகு நோக்கத்துக்கான காகிதம். கண்காட்சிப் பார்வையாளர் டிக்கெட், அதை வைத்து நடத்துகிறவர்கள் தரும் அழைப்புக் கடிதம். நெதர்லாந்து, பெல்ஜியம் வாங்குநர்களிடம் கேட்டதும் இரண்டே நாளில் கடிதம் வந்தது. எந்தத் தேதி, எங்கே சந்திப்பு, எத்தனை வருடமாக வாங்குகிறோம் என்று நான்கு வரி. இதை முதல் முறையே கேட்டிருக்கலாமே என்றேன். "கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க" என்றார். லட்சக்கணக்கில் சரக்குக் கடன் கொடுத்தவரிடம் நான்கு வரிக் கடிதம் கேட்கக் கூச்சம்! எங்கள் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான். அந்தக் கடிதங்களோடு அதே பெயர்களுக்குப் போன இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், வங்கியில் வந்த பணம் மூன்றையும் ஒவ்வொரு செட் வைத்தோம். கடிதத்தில் இருக்கிற பெயர் இன்வாய்சிலும் இருக்க வேண்டும், இன்வாய்சில் இருக்கிற தொகை வங்கி அறிக்கையிலும் இருக்க வேண்டும். ஒரு நூலைப் பிடித்தால் துணி முழுக்க வர வேண்டும்.

பணத்தில் கரண்ட் அக்கவுண்ட்டை முன்னால் வைத்தோம். கூட்டாண்மைப் பத்திரம், இருப்புநிலைக் குறிப்பு, அதில் இருவரின் மூலதனக் கணக்கு, மூன்று வருட ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. பதிவு. அண்ணி பெயரில் ஒரு வைப்புத் தொகை இருந்தது, அது முதல் முறை யாருக்கும் நினைவுக்கே வரவில்லை. சொத்துச் சான்றைத் திருத்தி எழுதினோம். தோட்டம் போயிற்று, அவர்கள் பெயரில் உள்ள வீடும் யூனிட்டும் மட்டும். பதினான்கு பக்கப் பத்திரம் போயிற்று, ஒரு பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு.

அந்த ஆறு லட்சத்தை என்ன செய்வது என்பதில்தான் நாங்கள் முட்டிக்கொண்டோம். புது வங்கி அறிக்கையில் வரவும் தெரிகிறது, போக்கும் தெரிகிறது. இன்னொரு வங்கிக் கணக்கை மட்டும் காட்டலாம் என்றார் எங்கள் ஆபீசில் ஒருவர். முதல் விண்ணப்பத்தில் காட்டிய கணக்கு இரண்டாவதில் காணாமல் போனால் அது கண்ணில் இன்னும் குத்தும் என்பது என் கட்சி. கடைசியில் முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி எழுதினோம். மனைவியின் அண்ணன் தந்த கைமாற்று, இருப்புக் காட்டச் சொன்ன ஆலோசனையின் பேரில் வாங்கியது, திருப்பிக் கொடுத்தாயிற்று, இதை எங்கள் பணமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். அறிக்கையில் அந்த இரண்டு வரிக்கும் பக்கத்தில் பென்சிலில் குறியும் போட்டோம். அண்ணன் அந்தப் பத்தியை நாலு தடவை படித்தார். "நாமளே போயி மாட்டிக்கற மாதிரி இருக்குதே" என்றார். கடிதத்தின் அடுத்த பத்தி முதல் மறுப்பைப் பற்றியது: எந்த நாடு, எந்தத் தேதி, என்ன தப்பாகப் போயிற்று. மொத்தக் கடிதமும் ஒன்றரைப் பக்கம். இயற்கை அழகு என்ற சொல் அதில் வரவில்லை.

அண்ணியின் பெயர் தனிச் சிக்கல். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. அண்ணனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அண்ணியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக. அதிகாரிக்கு இந்த இரண்டு பேரும் கணவன் மனைவி என்று தெரிய ஒரே வழி திருமணச் சான்று. இவர்கள் கல்யாணம் 2004இல் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமானது 2009இல்தான். பத்திரிகை, போட்டோ, சாட்சிக்கு மச்சான் சகிதம் சார்பதிவாளர் அலுவலகம் போய், இருபது வருடம் கழித்துக் கல்யாணத்தைப் பதிந்துகொண்டு வந்தார்கள். மச்சான் வரும்போது ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். எழுத்து வித்தியாசத்துக்கு நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தவை. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், தங்கும் நாள் முழுவதற்கும். படம் 35க்கு 45 மில்லிமீட்டர். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் எடுத்தது, திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது உயிரோடிருப்பது, இரண்டு பக்கம் காலி. விமானத்துக்கு முன்பதிவுத் தாள் மட்டும் கொடுத்தோம், காசு கட்டவில்லை. ஓட்டல்களை உண்மையாகவே பதிந்து, முடிவு வரும் வரை ரத்து செய்யாமல் வைத்திருந்தோம். இந்தக் கடைசி விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று அண்ணி இன்றும் கேலி செய்வார்.

நவம்பர் 25, திங்கட்கிழமை. முந்தைய இரவு கரூரில் பஸ் ஏறி, காலையில் சென்னையில் ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு மையத்துக்குப் போனார்கள். காகிதத்தை வாங்கியவர் அண்ணியிடம் ஒரே கேள்வி கேட்டாராம், நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்று. அண்ணி பையிலிருந்து கலர் கார்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். துண்டுத்துணிகளை வரிசையாக ஒட்டிய அட்டை, அடுத்த சீசனுக்கு அவரே சேர்த்தது. அதை வாங்கிக்கொள்ளவில்லை, பட்டியலில் இல்லாத பொருள். முடிவெடுப்பவர் அவரும் இல்லை. ஆனாலும் திரும்பி வரும்போது அண்ணி தெளிவாக இருந்தார்.

விதிப்படி முடிவுக்குப் பதினைந்து நாள், தேவைப்பட்டால் நாற்பத்தைந்து வரை நீளும். பதினேழாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. இருவருக்கும் விசா.

ஸ்டிக்கரைப் பார்த்ததும் அடுத்த கூத்து. செல்லுபடியாகும் காலம் 2025 ஜனவரி 12 முதல் பிப்ரவரி 8 வரை என்றும், தங்கும் நாள் 13 என்றும், நுழைவு ஒன்று என்றும் இருந்தது. "பிப்ரவரி எட்டு வரைக்கும் குடுத்திருக்கறாங்க தம்பி! லண்டன்ல எங்க பெரியப்பா பையன் இருக்கறான், அங்கயும் ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமுங்களா?" முடியாது, இரண்டு காரணம். பயணம் ஏதாவது தள்ளிப்போனால் சமாளிக்க, கேட்ட தேதிக்கு மேல் பதினைந்து நாள் சலுகையாகச் சேர்த்துத் தருவது அவர்கள் வழக்கம். அந்த ஜன்னலுக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் மொத்தம் பதின்மூன்று நாள்தான். லண்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா. ஒற்றை நுழைவு விசாவில் லண்டனுக்குக் காலெடுத்து வைத்தால் திரும்ப பாரிசுக்கு வர முடியாது. பெரியப்பா பையனிடம் போனில் பேசிக்கொள்ளச் சொன்னேன்.

பயணத்தில் எழுத வேண்டியது கொஞ்சம்தான். ஃபிராங்க்ஃபர்ட் குடியேற்ற மேசையில் ஓட்டல் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கேட்டார்கள், இரண்டும் கையில் இருந்தன. விசா இருப்பதால் மட்டும் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்றில்லை, எல்லையிலும் கேட்பார்கள் என்பதால் ஃபைலின் நகலைக் கைப்பையில் வைக்கச் சொல்லியிருந்தேன். ஆம்ஸ்டர்டாம் போகும் ரயிலில் நெதர்லாந்துப் போலீஸ் ஏறி பாஸ்போர்ட் பார்த்திருக்கிறது. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை கிடையாது என்று நான் சொன்னதை நம்பி அண்ணன் அதைப் பெட்டிக்குள் பூட்டி மேலே ஏற்றிவிட்டார். உள்ளே சோதனை பொதுவாக இல்லைதான். ஆனால் நாடுகள் தற்காலிகமாகத் திரும்பக் கொண்டுவரலாம். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் அப்படிச் செய்தது, நெதர்லாந்து டிசம்பர் 9 முதல். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓடும் ரயிலில் பெட்டியை இறக்கிப் பூட்டைத் திறந்த கதையை அண்ணி நடித்தே காட்டினார்.

நெதர்லாந்து வாங்குநர் இருபது நிமிடம் பேசுவார் என்று நினைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு வரை நீண்டது, பெரும்பாலும் அண்ணியின் கலர் கார்டைச் சுற்றி. ஜனவரி 24 மாலை பாரிசிலிருந்து கிளம்பினார்கள். வெளியேறும் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன், அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் மின்னணுப் பதிவு படிப்படியாக வரத் தொடங்கியது. அன்றைக்கு மைதான்.

அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு. இந்தியர்களுக்கென்று 2024 ஏப்ரல் 18இல் ஒரு தனி ஏற்பாடு கொண்டுவந்தார்கள். மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு, பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், இரண்டு வருடத்துக்குப் பலமுறை நுழையும் விசா கிடைக்க வழி இருக்கிறது. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அடுத்து ஐந்து வருடம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒன்று ஆயிற்று.

அண்ணனின் பாஸ்போர்ட் காலாவதிக்கு நெருங்கிவிட்டது, புதுப்பிக்கத் திருச்சிக்குப் போட்டிருக்கிறார். பழையதை ஓரம் வெட்டித்தான் திருப்பித் தருவார்கள், அதைத் தூக்கிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். விசாவும் முத்திரையும் அதில்தான் இருக்கின்றன. அடுத்த விண்ணப்பத்துக்கு அண்ணி இப்போதே ஒரு பச்சை ஃபைல் வாங்கி, மேலே 'ஜெர்மனி' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார். முதல் தாளாக அதில் இருப்பது கூட்டாண்மைப் பத்திரத்தின் நகல். ஏஜெண்ட் போன வாரம் போன் செய்தாராம், இந்த வருடம் வேறு ஒரு நாட்டில் ஸ்லாட் நிறைய இருக்கிறது என்று.

"என்ன சொன்னீங்க அண்ணி?"

"நான் வீட்டுல சும்மா இருக்கறவ, எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க அவர்கிட்ட பேசிக்குங்கன்னு சொல்லிட்டனுங்க."